தண்ணீர் வடிந்த பிறகு: சென்னை வாசகர் கேள்வி–பதில்

வடகிழக்குப் பருவமழை முடிகிற நேரத்தில் சென்னையிலிருந்து வரும் கடிதங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கேட்ட கேள்விகளைத்தான் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் கேட்டார்கள், இப்போதும் கேட்கிறார்கள். வெள்ளம் பட்ட பொருள்களில் சில, இன்றே கை வைக்காவிட்டால் கெடும். சில, இன்றே கை வைத்தால் கெடும். எது எந்த வகை என்பதில்தான் பலரும் இடறுகிறார்கள்.

கேள்வி: எங்கள் சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) 6,000 லிட்டர். சாக்கடை கலந்த தண்ணீர் புகுந்துவிட்டது. மொத்தத்தையும் இறைத்துவிட்டு லாரித் தண்ணீர் நிரப்பிவிடலாமா? பிளீச்சிங் பவுடர் எவ்வளவு? (வாசகி, வேளச்சேரி)

இறைப்பதற்கு முன் பக்கத்தில் கிணறு இருந்தால் எட்டிப் பாருங்கள். கிணற்று நீர்மட்டம் உங்கள் சம்ப்பின் அடித்தளத்தைவிட உயரத்தில் நின்றால், முழுவதையும் ஒரே நாளில் இறைக்காதீர்கள். வெளியே மண்ணில் நிற்கும் தண்ணீர் சம்ப்பை மேலே தள்ளும். உள்ளே இருக்கும் தண்ணீரின் எடைதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. பிளாஸ்டிக் சம்ப்பாக இருந்தால் தரையைப் பிளந்துகொண்டு மிதந்து எழும். செங்கல் சம்ப்பில் அடித்தளம் விரிசல் விடும். வீட்டுக்கு அடியில் கான்கிரீட்டில் கட்டிய சம்ப்புக்கு இந்தப் பயம் குறைவு. வெளியே நீர்மட்டம் இறங்கும்வரை சம்ப்புத் தண்ணீரைக் கழிப்பறைக்குக்கூட எடுக்க வேண்டாம். குழாய்களும் மேல் டேங்கும் சேர்ந்து கெடும்.

இறைத்த பிறகு மூடியைத் திறந்துபோட்டுச் சில மணி நேரம் காற்றாட விடுங்கள். ஆள் இறங்கும்போது இடுப்பில் கயிறு கட்டி, மேலே இன்னொருவர் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். மெழுகுவத்தியை இறக்கிப் பார்க்கும் பழைய சோதனை பிராணவாயு இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். சாக்கடை வாயுவைக் காட்டாது. டீசல், பெட்ரோல் பம்பை சம்ப்புக்குள் இறக்கவே கூடாது. செப்டிக் டேங்க்காக இருந்தால் ஆளை இறக்கும் பேச்சே வேண்டாம். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். கழிவுநீர் உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள்.

சேற்றை வாரி, சுவரைச் சோப்புத்தூளால் தேய்த்துக் கழுவிவிட்டு நல்ல தண்ணீர் நிரப்புங்கள். 30 சதவீத குளோரின் உள்ள புது பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்குச் சுமார் 170 கிராம். உங்கள் சம்ப்புக்கு 1 கிலோ. தூளை நேராகக் கொட்டினால் சுண்ணாம்பு அடியில் படியும். பிளாஸ்டிக் வாளியில் தோசைமாவு பதத்துக்குக் கரைத்து, மேலும் தண்ணீர் விட்டு, பத்து நிமிடம் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். அந்தத் தண்ணீரை மோட்டார் போட்டு மேல் டேங்குக்கும் ஏற்றி, ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாசனை வரும்வரை திறந்து மூடுங்கள். ஒரு நாள் அப்படியே நிற்கட்டும். பிறகு முழுவதையும் வெளியேற்றுங்கள். செடிக்கும் கிணற்றுக்கும் மழைநீர்த் தொட்டிக்கும் விடக் கூடாது. அடுத்து நிரப்புகிற தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் போதும். குடிக்க அதையும் கொதிக்க வைத்தே எடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. திறந்து வைத்த பிளீச்சிங் பாக்கெட் ஈரக்காற்றில் வீரியம் இழந்துவிடும். போன வருடத்து மிச்சத்தை நம்பி அளவு போடாதீர்கள். பாத்ரூம் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே தரையில் சேரவே கூடாது. சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு. மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

கேள்வி: நாலடி உறைக்கிணறு. மழைநீர் சேகரிப்புக் குழாயும் அதில்தான் இறங்குகிறது. எப்படிச் சுத்தம் செய்வது? (வாசகர், முடிச்சூர்)

முதலில் அந்தக் குழாயைக் கழற்றுங்கள். 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமான ஏற்பாடுதான். ஆனால் முற்றத்துத் தண்ணீரையும் சேர்த்துக் கிணற்றில் விட்டிருந்தால் வெள்ளத்தில் அதுவே சாக்கடைக்கு வழி. வடிகட்டித் தொட்டியின் ஜல்லியையும் மணலையும் வெளியே எடுத்து அலசிக் காயவைத்த பிறகே திரும்பப் போட வேண்டும்.

கிணற்று நீரின் அளவு: விட்டம் × விட்டம் × நீரின் ஆழம் × 785. மீட்டரில் அளந்தால் விடை லிட்டரில் வரும். நாலடி என்பது 1.2 மீட்டர், 3 மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 3,400 லிட்டர். அதற்குப் பிளீச்சிங் பவுடர் ஏறக்குறைய 600 கிராம். தெளிந்த கரைசலை வாளியில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கி, மேலும் கீழும் ஆட்டிக் கலக்குங்கள். பன்னிரண்டு மணி நேரம் கழித்து, வாசனை போகும்வரை இறையுங்கள். இதையும் சுற்றியுள்ள மண் இறுகிய பிறகே செய்ய வேண்டும். ஈரமண்ணில் கிணற்றை வற்ற இறைத்தால் உறை நழுவும்.

கேள்வி: தெருவுக்குக் கரண்ட் வந்துவிட்டது. எங்கள் தரைத்தளத்தில் பிளக் பாயிண்ட் எல்லாம் மூழ்கியிருந்தன. மெயினைப் போடலாமா? (வாசகர், கோட்டூர்புரம்)

போடக் கூடாது. சுவர் காய்ந்ததுபோல் தெரிந்தாலும், உள்ளே போகும் பைப்பின் கீழ் வளைவில் தண்ணீர் தேங்கியிருக்கும். எலக்ட்ரீஷியன் சுவிட்ச் பெட்டிகளைத் திறந்து, பைப்பில் காற்றடித்து, வயர்களின் காப்புத்திறனை மெகர் வைத்து அளக்க வேண்டும். மூழ்கிய எம்.சி.பி.யையும் ஆர்.சி.சி.பி.யையும் (ஷார்ட்டோ மின்கசிவோ வந்தால் தானாகத் துண்டிக்கும் சுவிட்சுகள்) வெயிலில் காயவைத்துத் திரும்ப மாட்டுவது மிச்சம் பிடிக்கிற இடமல்ல. உள்ளே சேறு படிந்த சாதனம், டிரிப் ஆக வேண்டிய நேரத்தில் ஆகாது. புதிதாகப் போடும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியராக இருக்கட்டும்; மாட்டிக் கரண்ட் கொடுத்த பிறகு டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். மீட்டர் பெட்டியோ தெருப் பில்லர் பாக்ஸோ நனைந்திருந்தால் உங்கள் ஆள் கை வைக்க வேண்டாம். மின்வாரியத்தின் மின்னகம் எண்ணில் (94987 94987) பதிவு செய்யுங்கள்.

மாடியில் குடியிருப்பவர்களுக்குத் தனி மெயின் இருந்தால், கீழ்த்தளத்தை முழுக்கத் துண்டித்துவிட்டு மேலே மட்டும் கொடுக்கச் சொல்லலாம். பல அடுக்ககங்களில் இந்த ஏற்பாடு இல்லாமல் மொத்தப் பேரும் இருட்டில் கிடக்கிறார்கள்.

கேள்வி: தண்ணீர் மோட்டார் மூழ்கியது. மெக்கானிக் காயில் கட்டியே ஆக வேண்டும் என்கிறார். (வாசகி, பெரம்பூர்)

அளந்து பார்த்துச் சொன்னாரா என்று கேளுங்கள். கரண்ட் கொடுக்காமல் வைத்திருந்த மோட்டார் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கழற்றி, நல்ல தண்ணீரில் சேறு போகக் கழுவி, 70–80 டிகிரிச் சூட்டில் ஒரு நாள் உலர்த்தி, 500 வோல்ட் மெகரில் அளந்தால் குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும். காட்டினால் வார்னிஷ் அடித்து, பேரிங்கும் கெபாசிட்டரும் மாற்றினால் போதும். உலர்த்தியும் ஏறவில்லை என்றால்தான் காயில். ஈரத்தோடு ஒரு தடவை சுவிட்ச் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் காயில் செலவு வருகிறது. அளக்காமலே கட்டுகிறேன் என்பவரிடம் மோட்டாரைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பைக் சீட்டுவரை தண்ணீரில் நின்றது. கிக்கர் உதைத்துப் பார்க்கலாமா? காருக்கும் இதே கேள்வி. (வாசகர், சைதாப்பேட்டை)

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றாமல் உதைக்காதீர்கள், செல்ஃப் அழுத்தாதீர்கள். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் காற்றைப்போல் அமுங்காது. பிஸ்டன் அதில் மோதினால் கனெக்டிங் ராடு வளையும்.

பழைய கார்புரேட்டர் வண்டியென்றால் இந்த வரிசை: பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். பிளக்கை எடுத்துவிட்டு, கிக்கரை மெதுவாகக் கையால் அழுத்துங்கள். தண்ணீர் பிளக் துளை வழியாகப் பீய்ச்சும். இன்ஜின் ஆயிலை வடியுங்கள்; பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பெட்ரோல் டேங்க்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் காலி செய்யுங்கள். ஏர் ஃபில்டர், பிளக் புதிது. பிரேக் டிரம்மைத் திறந்து சேறு எடுங்கள். விலை குறைந்த ஆயிலை ஊற்றி ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அதையும் வடித்துவிட்டு நல்ல ஆயில் ஊற்றுங்கள். இந்த இரண்டாவது மாற்றத்தைத் தவிர்க்கிறவர்களின் வண்டி சில மாதத்தில் பேரிங் சத்தத்தோடு திரும்பி வருகிறது.

ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியையும் காரையும் டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும். அதற்குமுன் தண்ணீர்க் கோடு தெரியும்படி படம் எடுத்து இன்ஷூரன்ஸுக்குச் சொல்லிவிடுங்கள். சாதாரண முழுக்காப்பீட்டில் வெள்ளச் சேதம் உண்டு. ஆனால் நனைந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து கெடுத்தால், இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பாலிசி இல்லாதவர்களுக்குப் பணம் மறுக்கப்படலாம். மின்சார ஸ்கூட்டரா? சார்ஜ் போடாதீர்கள்; வீட்டுக்குள்ளும் நிறுத்தாதீர்கள். நனைந்த லித்தியம் பேட்டரி சில நாள் கழித்துக்கூடத் தீப்பற்றும்.

கேள்வி: ஃப்ரிட்ஜ் பிழைக்குமா? (வாசகி, மேற்கு மாம்பலம்)

கம்ப்ரசர் மூடி அடைத்த பாத்திரம். அதற்குள் தண்ணீர் போகாது. கெட்டுப்போவது ரிலேவும் போர்டும், மாற்றிக்கொள்ளலாம். கதவுக்கும் சுவருக்கும் உள்ளே இருக்கிற ஃபோம் சாக்கடை குடித்திருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். அந்த நாற்றம் எந்த எலுமிச்சம்பழத்துக்கும் போகாது. காஸ் சிலிண்டரைக் கழுவிக்கொள்ளலாம். தண்ணீர் புகுந்த ரெகுலேட்டரையும் டியூபையும் மாற்றிவிட வேண்டும்.

கேள்வி: பீரோவின் கீழ்த்தட்டில் பட்டுப்புடவைகளும் கல்யாண ஆல்பமும் இருந்தன. எதை முதலில் எடுப்பது? (வாசகி, ஜாபர்கான்பேட்டை)

இரண்டையும் இன்றே. சென்னை டிசம்பர்க் காற்றில் ஒன்றிரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும்.

பட்டை ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் ஒவ்வொரு மணிக்கும் சாயம் பக்கத்துப் புடவைக்கு இறங்கும். குளிர்ந்த நல்ல தண்ணீரில் சேறு போகும்வரை அலசுங்கள். முதல் அலசலில் சோப்பு வேண்டாம். சேற்றோடு சோப்பு சேர்ந்தால் மண் இழைக்குள் இறங்கும். பிழியாதீர்கள். கொடியில் வெள்ளைப் பருத்தித் துணி விரித்து, அதன்மேல் நிழலில் போடுங்கள். வெள்ளிச் சரிகை சாக்கடை ஈரத்தில் கறுக்கும். எவ்வளவு சீக்கிரம் அலசுகிறீர்களோ அவ்வளவுக்குப் பிழைக்கும். வெயில், இஸ்திரி, பிளாஸ்டிக் கவர் மூன்றும் இப்போதைக்குக் கிட்டவே வரக் கூடாது. பருத்தியும் படுக்கை விரிப்பும் நாளைக்கு. அவற்றைக் கொதிக்க வைக்கலாம், பட்டை முடியாது.

பழைய போட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். குளிர்ந்த நல்ல தண்ணீரில் போட்டு வைத்தால் தானாக நழுவும். படப் பக்கத்தில் விரல் படாமல், முகம் மேலே இருக்கும்படி வெள்ளைத் துணியில் பரப்புங்கள். செய்தித்தாளில் வைத்தால் மை ஏறும். இன்று நேரமில்லை என்றால் பிளாஸ்டிக் பையில் சுற்றி, கரண்ட் உள்ள வீட்டு ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்த தாளில் பூஞ்சை வளராது. புத்தகங்களுக்கும் இது பொருந்தும். வழவழப்பான ஆர்ட் பேப்பர் ஒருமுறை ஒட்டிக் காய்ந்தால் பிறகு பிரியாது. 2015 வெள்ளத்தில் பதிப்பகக் கிடங்குகளிலேயே புத்தகங்கள் கட்டுக்கட்டாகப் போயின. 2016 ஜனவரியில் நடக்க வேண்டிய சென்னைப் புத்தகக் காட்சி ஜூனுக்குத் தள்ளிப்போனது.

கேள்வி: பொங்கலுக்குள் சுவருக்கு பெயிண்ட் அடித்துவிட வேண்டும் என்று மாமியார் சொல்கிறார். பெயிண்டரும் பட்டி பார்த்து அடித்துத் தருகிறேன் என்கிறார். (வாசகி, பெரும்பாக்கம்)

மாமியாரும் ஜெயிக்கலாம், சுவரும் பிழைக்கலாம். பெயிண்டர் சொல்வதை மட்டும் கேட்காதீர்கள். ஈரச்சுவரில் பட்டியும் எமல்ஷனும் ஏற்றினால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உப்பாகப் பூத்து, அப்பளம்போல் பொரிந்து கழன்று விழும். ஒரு சதுர அடி பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்ளே நீர் முத்து கட்டினால் சுவர் இன்னும் குடித்திருக்கிறது. தண்ணீர்க் கோட்டுக்கு மேலும் ஓர் அடி, இரண்டு அடி ஈரம் ஏறியிருக்கும். சோதனையை அங்கேயும் செய்யுங்கள். பெயிண்ட் வேலையைப் பங்குனிக்குத் தள்ளிவையுங்கள்.

பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். அது மூச்சு விடும், பூஞ்சையையும் தடுக்கும். முன்பு அடித்த எமல்ஷனைச் சுண்ணாம்பு அடிக்கும் இடத்தில் சுரண்டி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சுண்ணாம்பு பிடிக்காது. புதுக் கிளிஞ்சல் சுண்ணாம்பு 1 கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணீர். ஒரு நாள் ஊறவிட்டு, முரட்டுத் துணியில் வடிகட்டி, 10 லிட்டருக்கு 40 கிராம் கோந்தை வெந்நீரில் கரைத்துச் சேருங்கள். ஒரு கோட் காய்ந்த பிறகே அடுத்தது, மூன்று கோட். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும்; கண்ணாடி போடாமல் குனிந்து பார்க்க வேண்டாம், குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

கேள்வி: மார்கழி பிறந்துவிட்டது. வாசலெல்லாம் கறுப்புச் சேறு. மாநகராட்சி வெள்ளைத்தூள் தூவிவிட்டுப் போனது. அதன்மேல் சாணம் தெளித்துக் கோலம் போடலாமா? (வாசகி, வியாசர்பாடி)

சேற்றின்மேல் தூவிய பிளீச்சிங் பவுடரால் பெரிய பலன் இல்லை. அதிலுள்ள அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். முதலில் மண்வெட்டியால் சேற்றை வழித்து ஓரமாகக் குவியுங்கள்; வாசலைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகே கரைசல் தெளியுங்கள். உடைந்த கண்ணாடி, ஊசி, பிளேடு இருந்தால் தனிச் சாக்கில் கட்டி, மேலே துணி கட்டி அடையாளம் வையுங்கள். குப்பையை வாரும் தூய்மைப் பணியாளர்களில் பலருக்கு வெறும் கை. 2015-இல் வேறு மாவட்டங்களிலிருந்து வந்து இந்த ஊரைக் கூட்டியவர்களுக்கும் அப்படித்தான்.

சாணம் இந்த வருடம் வேண்டாம். ஈரத்தோடு ஈரமாக ஈ மொய்க்கும். கல்மாவு ஈரத் தரையில் கரையும். சிமெண்ட் வாசலாக இருந்தால் பச்சரிசி அரைத்த மாக்கோலம் நன்றாகப் பிடிக்கும். வெறுங்காலோடு மட்டும் நிற்காதீர்கள்.

கேள்வி: வீட்டுப் பத்திரமும் மார்க் ஷீட்டும் நனைந்து மை கலைந்துவிட்டன. (வாசகர், மணலி)

நனைந்தது தொலைந்ததாகாது. எவ்வளவு மோசமாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். நிழலில் தட்டையாக உலர்த்துங்கள். லேமினேட் செய்யவே செய்யாதீர்கள், ஈரம் உள்ளேயே அடைபட்டு மிச்ச எழுத்தையும் தின்னும். பதிவான பத்திரத்துக்குச் சான்றிட்ட நகலைப் பதிவுத்துறையில் இணையம் வழியாகவே வாங்கலாம். கூடவே வில்லங்கச் சான்றும் எடுத்துவிடுங்கள். பட்டா நகல் இணையத்தில் கிடைக்கும். மார்க் ஷீட்டுக்குப் படித்த பள்ளித் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பம். பத்திரத்தை வெள்ளமே அடித்துக்கொண்டு போய்விட்டால்தான் காவல்துறையில் புகாரும், ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்ற சான்றும், செய்தித்தாள் விளம்பரமும். பெரிய வெள்ளத்துக்குப் பிறகு அரசு சிறப்பு முகாம் போடுவதுண்டு, 2015-இல் போட்டார்கள். தாலுகா அலுவலகத்தில் விசாரித்துவிட்டுச் செலவு செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரிலிருந்து ஒரு வேன் பொருள் அனுப்புகிறோம். என்ன ஏற்றலாம்? (வாசகர், கோவில்பட்டி)

பழைய துணி வேண்டாம். 2015-இல் தெருவோரம் மலையாகக் குவிந்து மழையில் நனைந்து, கடைசியில் குப்பையோடு குப்பையாகப் போனது அதுதான். முதல் மூன்று நாளென்றால் தண்ணீர், பிரெட், பால்பவுடர், கொசுவத்தி. சமைத்த சாம்பார் சாதம் தூரத்திலிருந்து ஏற்றினால் வந்து சேர்வதற்குள் புளித்துவிடும். ஒரு வாரம் கழித்து வருகிறீர்களென்றால் பாய், போர்வை, புது உள்ளாடை, சானிட்டரி நாப்கின், துடைப்பம், மண்வெட்டி, ரப்பர் கையுறை, பிளாஸ்டிக் வாளி, மண்ணெண்ணெய் இல்லாமல் எரியும் டார்ச் விளக்கு. இரண்டாம் வாரத்தில் எல்லோரும் அரிசி கொண்டுவருவார்கள். ஒருவரும் துடைப்பம் கொண்டுவர மாட்டார்கள். பெரிய சாலை முனையிலேயே வேனைக் காலிசெய்யாமல், உட்தெருக்களுக்குள் போங்கள்.

கேள்வி: சேற்றில் வேலை செய்த என் கணவருக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி. டெங்குவா? (வாசகி, தாம்பரம்)

எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் அதன் அடையாளங்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் உள்ள கீறல் வழியாக நோயைக் கொண்டுவரும். இன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். வெள்ளத்தில் நின்றதை மறக்காமல் சொல்லுங்கள், டாக்டர் கேட்கும் இரத்தப் பரிசோதனையே அதனால் மாறும். வலிக்கு ஆஸ்பிரினோ இபுப்ரோஃபெனோ கொடுக்காதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு வரலாம். இன்னும் சேறு அள்ள வேண்டியவர்கள் முன்தடுப்பாக டாக்ஸிசைக்ளின் வேண்டுமா என்று முகாமில் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அது ஆகாது. கடையில் நாமாக வாங்கிப் போடக் கூடாது.

கேள்வி: அஞ்சறைப்பெட்டியில் வைத்திருந்த ரூபாய் நோட்டுகள் நனைந்து ஒட்டிக்கொண்டன. இஸ்திரி போடலாமா? (வாசகி, ஈக்காட்டுத்தாங்கல்)

வேண்டாம், சூட்டில் நொறுங்கும். கட்டாக ஒட்டியிருந்தால் நல்ல தண்ணீரில் நனைத்து ஒவ்வொன்றாக நழுவவிட்டு, ஃபேன் காற்றில் துணிமேல் உலர்த்துங்கள். அழுக்கு நோட்டை எந்த வங்கிக் கிளையிலும் மாற்றித் தர வேண்டும். கணக்கு அங்கே இருக்க வேண்டியதில்லை. கிழிந்தவற்றில் 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டுக்கு, ஒரே துண்டு 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழு மதிப்பு, 40 முதல் 80 வரை இருந்தால் பாதி. பிரிக்கவே முடியாமல் நொறுங்குபவற்றை அப்படியே டப்பாவில் வைத்து ராஜாஜி சாலை ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். மஞ்சள்தூள் கறை பட்டிருந்தாலும் நோட்டு செல்லும்.